இரவுத் துப்பாக்கி யார் கையில்?



மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாட்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்துக் கரிசல் பக்கம் இரவில் போய்ப் பாருங்கள். ஊர் உறங்கும், உழவன் உறங்கமாட்டான். கையிலே ஒரு டார்ச் விளக்கு, தட்டுவதற்கு ஒரு தகர டப்பா, துணைக்கு ஒரு நாய். இந்த மூன்று படைக்கலன்களோடு வரப்பிலே காவல் இருப்பான். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலங்காட்டிலிருந்து பன்றிக் கூட்டம் புறப்படும். மேற்கே விரட்டினால் கிழக்கே இறங்கும். விடிந்து பார்த்தால் தின்றது கொஞ்சம், ஒடித்துச் சாய்த்தது அதிகம். வட்டிக்கு வாங்கிப் போட்ட விதையும் உரமும் ஓர் இரவில் மண்ணாகிக் கிடக்கும்.

யார் அந்த உழவன்? மழை பெய்தால் மானாவாரி வெள்ளாமை, பொய்த்தால் பட்டாசு ஆலை என்று இரண்டுக்கும் நடுவே வாழ்க்கையை ஓட்டுகிறவன். உங்களில் ஒருவன், அல்லது உங்கள் அண்ணன், மாமன், மச்சான். ஆகவே, காட்டுப் பன்றியைச் சுடுவதா வேண்டாமா, சுடுவதானால் யார் சுடுவது என்பது அதிகாரிகளின் கோப்போடு முடிகிற விவகாரம் அல்ல. நம்முடைய விவகாரம்.

சீமையிலே இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பிரிட்டனில் இரவு வேளையில் விளக்கடித்து, நரியின் கண் மின்னுகிற இடம் பார்த்து ரைஃபிளால் சுடுவது இன்றும் சட்டத்துக்கு உட்பட்ட காரியம். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களை ஏவி நரியை வேட்டையாடுவதைத்தான் தடுத்தது, துப்பாக்கியைத் தடுக்கவில்லை. ஆட்டுக்குட்டியைக் காக்கச் சுடுகிறோம் என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால், அதே துப்பாக்கி இன்னொன்றையும் காக்கிறது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஃபெசன்ட் பறவைகளை வளர்த்து வெளியிலே விடுகிறார்கள். எதற்காக? பணம் கட்டி வருகிற கனவான்கள் சுட்டு மகிழ்வதற்காக! கனவான் சுடவேண்டிய பறவையை நரி முந்திக்கொண்டு பிடித்துவிட்டால் அது குற்றமாம். அதற்குத் தண்டனை மரணமாம்!

அந்தக் கனவான்களின் பாட்டன்மார் இங்கே ஆள வந்தபோதும் இந்த ஆசையை விட்டுவிட்டு வரவில்லை. உதகமண்டலத்துப் புல்வெளியிலே, சிவப்புச் சட்டையும் குதிரையும் சீமை நாயுமாகக் கிளம்பி, தங்கள் நாட்டு நரி இங்கே கிடைக்காததால் நம் நாட்டு நரியைத் துரத்தித் துரத்திப் பொழுது போக்கினார்கள். அதே காலத்தில், 1878-இல், ஆயுதச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். துப்பாக்கி வைக்க வேண்டுமானால் இந்தியன் உரிமம் வாங்கவேண்டும். வெள்ளைக்காரனுக்கு அது வேண்டாம். துரைக்கு வேட்டை பொழுதுபோக்கு; ஜமீன்தாருக்கு வேட்டை வீரப்பிரதாபம்; குடியானவனுக்குத் தகர டப்பா! 1947-இல் துரை போனார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் போயிற்று. தகர டப்பா மட்டும் போகவில்லை.

வெறுங்கையோடு நிற்பவன் என்ன செய்கிறான்? சிலர் குறுக்கு வழியிலே இறங்குகிறார்கள். ஒன்று, வரப்பிலே கம்பி கட்டித் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. பன்றிக்கு வைத்த கம்பியை இருட்டிலே மிதித்து மாண்ட மனிதர்களும் உண்டு. மின்சாரத்துக்குப் பன்றி எது, பக்கத்து வயல்காரன் எது என்று தெரியாது.

இன்னொன்று அவுட்டுக்காய். தீனிக்குள்ளே வெடிமருந்தை ஒளித்து வைப்பது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், வெடி வைத்த காயைக் கடித்து வாய் கிழிந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிரை விட்டது ஒரு கர்ப்பிணி யானை. அடுத்த மாதம் திருச்சி ஜீயபுரம் அருகே, இறைச்சிக்குள் வைத்த வெடியைக் கடித்து ஒரு நரி செத்தது. பன்னிரண்டு பேர் கைதானார்கள். அதே ஜூன் மாதம், அதே திருச்சி மாவட்டத்தில் தொட்டியம் அருகே, மீன் பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். மீனுக்கு வைத்தது மகனைக் கொன்றது. பன்றிக்கு வைப்பது மட்டும் ஆள் பார்த்தா வெடிக்கும்? ஆடு மேய்க்கும் பையனும், சுள்ளி பொறுக்கும் கிழவியும் அந்த வரப்பிலேதானே நடக்கிறார்கள்!

மருந்து என்றால் என்ன என்று சிவகாசிச் சீமைக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இந்த நாட்களை நாம் நாட்காட்டியில் பார்ப்பதில்லை, சுடுகாட்டில் பார்த்திருக்கிறோம். உரிமம் பெற்ற ஆலையிலே, அளவு குறித்த அறையிலே, பயின்ற கைகளிடமே அந்த மருந்து இத்தனை உயிரைக் கேட்கிறதென்றால், குடிசைக்குள்ளே, அடுப்புக்குப் பக்கத்திலே, அவுட்டுக்காய் உருட்டும் கையிடம் அது எதைக் கேட்கும்? ஆகவே தோழர்களே, ஆலை மருந்து ஒரு சிட்டிகைகூட வயலுக்குப் போகக்கூடாது. "மச்சான்தானே கேட்கிறான், பன்றிக்குத்தானே" என்று கொடுக்கும் கை, மச்சானின் விரலையும் தன் வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறது.

"அப்படியானால் எங்கள் கையிலே துப்பாக்கியைக் கொடுங்கள், நாங்களே சுட்டுக்கொள்கிறோம்" என்று சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது, கோரிக்கையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இருக்கிறது. குழல் வாயிலே மருந்து திணித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கியைத்தான் அது முதலில் சொல்கிறது. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமம் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிடவும் முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். கேரளம் 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்கே அந்த அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமம் உள்ளவர்கள் சுடலாம், ஆனால் விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது என்றது.

அது அங்கே. இங்கே நிலைமை வேறு. விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் புஞ்சைக்கு அடுத்த பொட்டலிலே மருந்து அறை நிற்கிறது. ரைஃபிள் குண்டு குறி தவறினால் அடுத்த வரப்போடு நிற்பதில்லை. மைல் கணக்கில் போகும். டார்ச் வெளிச்சத்தில் பன்றியின் கண் தெரியும். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பின்னால் இருப்பது மண்மேடா, மருந்து அறையா, காவலுக்கு வந்த இன்னொரு மனிதனா? தெரியாமல் விசையை இழுப்பது வீரம் அல்ல. பணம் உள்ளவன் ரைஃபிள் வாங்குவான், இல்லாதவன் பழையபடி டப்பா தட்டுவான் என்றால், அது பழைய ஜமீன் நீதியே தவிர வேறல்ல.

ஆகவேதான் சொல்கிறோம்: இரவுத் துப்பாக்கி அரசின் கையில் இருக்கவேண்டும். 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த முறை அதுதான். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மேற்கே வத்திராயிருப்பு, ராஜபாளையம் மலையடிவாரத்துக்கு ஒரு முறை. மலையை விட்டு வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் நரிக்குடிக் கண்மாய்க்கு வேறு முறை. அறிவுக்குப் பொருந்தும் ஏற்பாடு.

ஆனால், கோட்டையிலே போட்ட உத்தரவு கொல்லையிலே தெரியவேண்டாமா? உழவன் மனுக் கொடுத்த வாரத்திலேயே ஆள் வரவேண்டும். கதிர் அறுத்த பிறகு வருகிற துப்பாக்கி யாருக்கு? சுடுகிறவர் உயரத்திலிருந்து கீழ்நோக்கி, குண்டு மண்ணிலே புதையும்படி சுடவேண்டும். பக்கத்து ஆலைக்கும் ஊருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லவேண்டும். பயிர் இழந்தவனுக்கு நிவாரணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வரவேண்டும்.

நரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பதும் மூடத்தனம். நரியைக் கண்டால் கொல்லவேண்டும் என்பதும் மூடத்தனம். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று நம் ஊர்ப் பழமொழியே பகுத்தறிவு பேசியிருக்கிறது. வயல் எலியைத் தின்று வாழ்கிற பிராணி அது. சம்பளம் கேட்காத காவல்காரன். சட்டமும் அதைக் காக்கிறது. பன்றிக்கு என்று கிளம்பிய துப்பாக்கி நரி பக்கம் திரும்பக்கூடாது. நமக்குக் காக்கவேண்டிய ஃபெசன்ட் பறவை ஏதுமில்லை, காக்கவேண்டியது கஞ்சி.

மே 1-இலும் ஆகஸ்ட் 15-இலும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்துவிடாதீர்கள். எந்தக் கண்மாயில் பன்றி தங்குகிறது, எத்தனை ஏக்கர் அழிந்தது, எத்தனை பேர் மனுக் கொடுத்தார்கள், எத்தனை மனுவுக்குப் பதில் வந்தது என்று எழுதி வைத்துத் தீர்மானம் போடுங்கள். கண்மாய்க் கருவேலத்தை வெட்டக் கேளுங்கள்; பன்றியின் மாளிகை அது. எழுத்துத் தெரிந்த தோழர், எழுதத் தெரியாத உழவனுக்கு மனு எழுதிக் கொடுக்கட்டும். அவனுக்குத் தேவை வெடிமருந்து அல்ல. வருவேன் என்று சொன்னால் வருகிற அரசாங்கம். அதை வரவழைக்கும் வேலை நம்முடையது.