வீட்டுக்குள் விஞ்ஞானம்: கத்தி வேண்டாத மூடி

சம்பளம் போட்ட மறுநாள் கடைக்குப் போய் வந்தால், பையில் இரண்டு மத்தி மீன் டின்னாவது இருக்கும். வேலை முடிந்து அலுப்போடு வரும் தாய்மாருக்கு அவசரத்தில் கைகொடுப்பது அதுதான். ஆனால் அதைத் திறக்கும்போது எத்தனை வீடுகளில் சிறு போரே நடக்கிறது! அரிவாள்மணை நுனியால் குத்துகிறவர்கள் உண்டு. மரம் சீவும் கத்தியையே எடுத்து வருகிறவர்களும் உண்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்டுமுன் விரலில் இரத்தம் எட்டிப் பார்த்துவிடுகிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் என்பவர் உணவைத் தகர டப்பாவில் அடைத்துக் காக்கும் முறைக்கு 1810-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் என்பவர் டின் திறப்பானுக்குக் காப்புரிமை பெற்றதோ 1858-இல்தான். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகள் மக்கள் என்ன செய்தார்கள்? உளியையும் சுத்தியலையும் நம்பினார்கள். அடைக்கும் வழியைக் கண்டுபிடித்த மனிதன், திறக்கும் வழியைப் பற்றிப் பிறகுதான் யோசித்தான்.

மூடியிலேயே வளையம் வைக்கும் முறையைப் பெயர்பெறச் செய்தவர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃபிரேஸ். 1959-இல் குடும்பத்தோடு வனபோசனம் போனபோது திறப்பானை மறந்துவிட்டு, காரின் முன்கம்பியில் வைத்து டின்னைத் திறந்தாராம். அதன்பிறகே அவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார் என்பார்கள். அவருடைய வளையம் மூடித் துண்டோடு கழன்று வந்தது. ஜனங்கள் அதைக் கண்ட இடத்தில் எறிந்தார்கள். கடற்கரையில் நடப்பவர்களின் காலைக் கிழித்தது. பிறகு 1975-இல் டேனியல் கட்ஸிக் அமைத்த, கழலாமல் மூடியிலேயே தங்கும் வளையம் வந்தது. இன்று பானக் குவளைகளில் நாம் காண்பது அந்த வகைதான்.

என் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், அந்த வளையத்தை எந்தப் பசையால் ஒட்டுகிறார்கள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மூடியில் துளை போட்டு ஆணி அடித்தால் அந்தத் துளை வழியே காற்று புகுந்து உணவு கெட்டுவிடுமே! ஆகையால் மூடியின் உலோகத்தையே சிறு மொட்டுப் போல் மேலே எழுப்புகிறார்கள். வளையத்தின் ஓட்டையை அதில் மாட்டி, மொட்டின் தலையை நசுக்கிவிடுகிறார்கள். மூடியே ஆணியாகிவிடுகிறது.

இனித்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. டின்னை மூடிய பிறகு, கிருமிகளைக் கொல்லப் பெரிய அழுத்தக் கொப்பரையில் 121 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வேக வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் நீராவி மூடியை வெளியே தள்ளும். அப்போது மூடி யானை பலத்தோடு நிற்க வேண்டும். அதே மூடி, வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டியின் விரலுக்குப் பணிய வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு குணம்!

இதற்காக மூடியைச் சுற்றி ஒரு கீறல் போடுகிறார்கள். மூடியின் கனம் பொதுவாகக் கால் மில்லிமீட்டர்தான். கீறல் விழுந்த இடத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். கொஞ்சம் கூடுதலாகக் கீறினால் கொப்பரையிலேயே வெடிக்கும். கொஞ்சம் குறைவாகக் கீறினால் வளையம் கையோடு வரும், மூடி வராது. மேலும், கீறல் போடும்போதும் மொட்டு எழுப்பும்போதும் உலோகத்தின் மேலிருக்கும் மெல்லிய பூச்சு வெடித்துவிடும். அந்த வெடிப்பில்தான் துரு பிடிக்கும்.

இங்கேதான் உலோகமும் பிளாஸ்டிக்கும் கூட்டாளிகளாகின்றன. இரும்புத் தகட்டின் மேல் அல்லது அலுமினியத் தகட்டின் மேல், ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் ஒட்டுகிறார்கள். உலோகம் வளையும்போது படலமும் சேர்ந்து நீளும், எளிதில் வெடிக்காது. உலோகம் பாரம் தாங்குகிறது. படலம் துருவைத் தடுக்கிறது.

ஆனால் நீளும் குணமே தொல்லையும் தருகிறது. மூடியைத் திறக்கும்போது உலோகம் சட்டென்று முறியும். பிளாஸ்டிக்கோ மயிரிழை போல் நீண்டு விளிம்பில் தொங்கும். அதை உணவோடு உண்ண யாருக்கு மனம் வரும்? ஆகவே படலம் உலோகத்தை இறுகப் பற்றவும் வேண்டும், கீறலில் சுத்தமாக அறவும் வேண்டும். மூடி அமைப்பவர்களுக்கு அதுதான் பெரிய சோதனை.

பால்மாவு டின்னில் வேறொரு வகையைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய அலுமினியத் தாளின் அடியில் பிளாஸ்டிக் அடுக்கை வைத்து, விளிம்பில் சூட்டால் ஒட்டியிருப்பார்கள். சில வகைகளில், ஒன்றோடொன்று நன்றாகக் கலவாத இரண்டு பிளாஸ்டிக்குகளை வேண்டுமென்றே சேர்த்து அந்த அடுக்கைச் செய்கிறார்கள். அதனால் அடைப்பு கசியாது. ஆனால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அந்த அடுக்கு தனக்குள்ளேயே பிளந்து, வாழைப்பழத் தோல் போல் உரிந்து வரும். கையை வெட்டும் கூர்மையும் அதில் குறைவு.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இந்த மூடியோடு ஓர் உறவும் உண்டு. இரும்புத் தகட்டின் மேல் பூசும் வெள்ளீயத்துக்குப் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. 1985-இல் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. மூடியின் ஓரத்து மடிப்புக்குள் காற்றுப் புகாமல் தடவும் பசையிலும் ரப்பர் சேர்கிறது. செயற்கை ரப்பர் இன்று மிகுதியாக வந்துவிட்டாலும், பால்மரத்தின் பாலுக்கும் அந்த வேலையில் நெடுநாள் பங்கு உண்டு. விடியற்காலையில் கோப்பையில் சேர்ந்த பால், ஊர் சுற்றி நம் அடுக்களைக்கே திரும்பி வந்திருக்கவும் கூடும்!

தாய்மார்களே, இவ்வளவு சிந்தித்துச் செய்த மூடியை நாமும் சிந்தித்துத் திறக்க வேண்டாமா? டின்னை மடியில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். வளையத்தை நகத்தால் நெம்பாமல் கரண்டிக் காம்பால் தூக்குங்கள். கீறல் 'டக்' என்று விட்டதும் மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். கடைசியில் வெடுக்கென்று பிடுங்கும்போதுதான் கை வெட்டுப்படுகிறது. கழற்றிய மூடியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். வளையம் அறுந்துவிட்டால் திறப்பானைத் தேடுங்கள், கத்தியைத் தேடாதீர்கள். வெட்டுப்பட்ட கையோடு மறுநாள் எப்படி மரம் சீவுவது? நாட்கூலிக்காரனுக்கு ஒரு விரல் காயம் என்றால் ஒரு வீட்டு அடுப்பு தணிகிறது என்று பொருள்.

முக்கியமான ஒன்று. மூடி உப்பியிருந்தாலோ, ஓர மடிப்பில் கசிவு இருந்தாலோ, அந்த டின்னைத் திறக்கவே வேண்டாம். சுவைத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே நச்சுக் கிருமி வளர்ந்திருக்கக்கூடும். அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்த வல்லது. காசு போனால் போகட்டும். அடுத்த சம்பளத்தில் இன்னொரு டின் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் உயிரை எந்தக் கடையில் வாங்குவது?