கோடைமலையும் ஒளிப்பாயும்

காற்றுக்கு நான்கு பெயர் கண்டவன் தமிழன். தெற்கினின்று வருவது தென்றல். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. அக் காற்றைப் பாயில் ஏற்றுக் கடல் கடந்தவர் வழிவந்தோர் நாம். இன்று மாந்தன் காற்றே இல்லாத விண்வெளியில் பாய் விரித்துக் கலம் செலுத்தத் தொடங்கிவிட்டான். அதனைத் தமிழிற் சொல்லச் சொல் இல்லை என்பார் நம்மிடையே உளர். சொல் இல்லையா, எடுத்தாளும் நெஞ்சம் இல்லையா என்பதே ஈண்டு வினா.

முதற்கண் செய்தியை அறிவோம். ஏவூர்தி எரிபொருளை எரித்துப் பின்னே தள்ளி, அதன் எதிர்விசையால் முன்செல்கிறது. எரிபொருளை மிகுதியாக ஏற்றினால், அச் சுமையைத் தூக்கவே மேலும் எரிபொருள் வேண்டும். இவ் இடர்ப்பாட்டினின்று விடுபட அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று ஒளிப்பாய். ஒளி, தான் படும் பொருளை மெல்லத் தள்ளும். நம் நிலவுலகு உள்ள தொலைவில், ஒரு கி.மீ. நீளமும் ஒரு கி.மீ. அகலமும் உள்ள கண்ணாடி போன்ற பாயின்மீது ஞாயிற்றொளி தரும் விசை, ஒரு கிலோ அரிசியின் எடையினும் சற்றுக் குறைவே. ஆயினும் அது ஓயாமல் தள்ளும். தடுப்பாரில்லா வெளியில் விரைவு சிறுகச் சிறுகப் பெருகும். விண்காற்றுக்கேற்ற பாய்கள் ஒருநாள் அமையும் என்று 1610இலேயே கெப்ளர் எழுதினார். 2010இல் சப்பானியர் ஏவிய இக்காரோசு, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய பாயை, பக்கத்துக்கு 14 மீட்டராக விரித்து, வெள்ளிக் கோளைக் கடந்து சென்று அதனை மெய்ப்பித்தது.

சொல்லின் அருமை இங்கேதான் விளங்கும். ஞாயிற்றினின்று ஒளி மட்டும் வருவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. விரைவில் மின்னேற்றமுற்ற நுண்துகள்களும் வருகின்றன. அவற்றை ஞாயிற்று வளி என்போம். பாயைத் தள்ளுவது அவ் வளியே என்று படித்தாரும் மயங்குகின்றனர். அதன் தள்ளலோ ஒளியின் தள்ளலில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. 'சோலார் செயில்' என்று கேட்கும் மாணவனுக்கு இவ் வேறுபாடு புலப்படாது. 'ஒளிப்பாய்' என்று கேட்பவனுக்குப் பெயரே பாடம் சொல்லிவிடும்.

கடலோடி காற்றின் போக்கை அறிவது போல, விண்ணோடி ஞாயிற்றின் சீற்றத்தை அறிந்தாதல் வேண்டும். அவ் அறிவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திரட்டி வருவது நம் பழனிமலைத் தொடர். கடிய நெடுவேட்டுவன் ஆண்டதாகப் புறநானூறு காட்டும் கோடைமலை இதுவே என்பர் அறிஞர். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் 1899இல் நிறுவப்பெற்ற கோடைக்கானல் ஆய்வகம் 1901 முதல் ஞாயிற்றை நோக்கி வருகிறது. கதிரவன்மேற் காணும் கரும்புள்ளிகளின் நடுவினின்று வளிமம் விளிம்பு நோக்கிப் பாய்வதை 1909 சனவரியில் எவர்செட் இங்கேதான் கண்டறிந்தார். உலகம் அதனை எவர்செட் விளைவு என்று வழங்குகிறது.

அவ் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கலத்தின் முதன்மைக் கருவியைச் செய்தது. திட்ட இயக்குநராய் இருந்தவர் செங்கோட்டையிற் பிறந்த நிகர் சாசி. கலத்தின் பெயரோ ஆதித்தியா! சந்திரயான், மங்கள்யான், ககன்யான் என அடுக்கடுக்காய் வடசொற்கள். நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் நீர்ம எரிபொருட் பொறிகளை எரித்து ஆய்கின்றனர். 2024 பிப்பிரவரியில் குலசேகரன்பட்டினக் கடற்கரையில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். நிலம் தமிழ்நிலம், உழைப்பில் தமிழர் பங்கு பெரிது, பெயர்சூட்டு நாளில் மட்டும் தமிழுக்கு இடமில்லை. இது முறையா?

நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். புறநானூற்றில் வானவூர்தி என்னும் சொல் வருவது கொண்டு, நம் முன்னோர் வானில் பறந்தனர் என்று மேடைதோறும் முழங்குவது மொழித்தொண்டு ஆகாது. அச் சொல் காட்டுவது பறந்த ஊர்தியை அன்று. காணாத பொருளுக்கும் பெயர் சூட்டவல்ல தமிழின் ஆற்றலை. பழம்பெருமை பேசிப் புதுச்சொல் ஆக்காதவன், விதைநெல்லைப் போற்றி வணங்கிவிட்டு உழாமல் இருப்பவனே.

மிக அண்மையில் உள்ள விண்மீனும் நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. 1977இல் ஏவிய முதலாம் வாயேசரின் விரைவில் சென்றால் அத்தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேலாகும். வலிய ஒளிக்கற்றையால் சிறு பாயைத் தள்ளி, இருபதாண்டு அளவில் அங்குச் சேர்க்கலாம் என்று 2016இல் ஒரு திட்டம் முன்வைக்கப்பெற்றது. இன்னும் அது எண்ணமே. அவ் எண்ணத்தைச் செயலாக்குவார் இன்று ஏதோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கக் கூடும். அவருள் தமிழ்ப்பிள்ளையும் ஒருவராதல் வேண்டுமெனில், அப் பிள்ளை புரியாத சொல்லை உருப்போடாமல், தாய்மொழியில் எண்ணிப் பழகுதல் வேண்டும்.

தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கே அமர்க. பரதவரிடம் வழங்கும் கலச்சொற்களைத் திரட்டுக. ஏவூர்தி, உந்துபொறி, ஒளிப்பாய், ஞாயிற்று வளி ஆகியவற்றை நாளை காலை வகுப்பிலேயே வழங்குக. அரசின் ஆணைக்குக் காத்திருத்தல் வேண்டா. சொல்லை வாழ்விப்பது வாய்.