கியர் பொக்ஸைக் கழற்றப் பயப்படாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஸ்கூல் வேன் ஓட்டுகிற தம்பிமாரும், அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிற நாங்களும் கடைசிவரை வாசிக்க வேண்டிய விசயம் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்தில் ஓடுகிற டொல்பின் வேன், டவுன்ஏஸ், எல்ஃப் லொறி பலவும் இருபது முப்பது வருசம் கண்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. ஆகவே இருக்கிற வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். பழைய வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. குறை, அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான்.

டயருக்குச் செலவழிக்கிறோம். பெயின்ட், சீட் கவர், பாட்டு செட் எல்லாவற்றுக்கும் காசு வருகிறது. கியர் பொக்ஸுக்கு மட்டும், வண்டி நடுரோட்டில் நிற்கும்வரை கை போகாது. "செக்கண்ட் கொஞ்சம் கரகரக்குது, அது அப்படித்தான்" என்கிறோம். போட்ட கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், ஒரு கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறோம். இந்த "அப்படித்தான்" ஆபத்தானது என்பதே எங்கள் கருத்து.

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, ரொசல்ல, ஹட்டன் என்று ஏறும் ஏ7 வீதியிலும், அதைவிட மோசமான தோட்டத்து ரோட்டுகளிலும் நாள் முழுக்க வேலை செய்வது இரண்டாம் மூன்றாம் கியர்கள்தான். அங்கே முதலில் தேய்வது சிங்க்ரோ ரிங். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது பித்தளையில் செய்த சின்ன வளையம். சுற்றுகிற வேகம் வேறு வேறாக உள்ள இரண்டு பாகங்களை, பற்கள் கோர்க்கும் முன் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. 1928இல் அமெரிக்காவின் கடிலாக் காரில்தான் இந்த ஏற்பாடு முதலில் வந்தது. அதற்கு முன் கியருக்குக் கியர் இரண்டு தரம் கிளச் மிதிக்க வேண்டும். பழைய லொறி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரிங்கின் உள்பக்கம் இருக்கிற மெல்லிய வரிகள் தேய்ந்தால் பிடிப்பு போகும். பிடிப்பு போனால் பல்லோடு பல் மோதும். நாம் கேட்கிற "கர்ர்ர்" அதுதான். ஒவ்வொரு மோதலிலும் பல்லின் முனை கொஞ்சம் உருண்டுபோகிறது. உருண்ட பல் கோர்த்து நிற்காது, கியர் தானாகக் கழலும். சின்ன ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இப்படித்தான் கியர், ஸ்லீவ், ஃபோர்க் என்று ஏறிக்கொண்டே போகிறது.

காசைவிடப் பெரிய விசயம் இறக்கம். இறக்கத்தில் வண்டியைப் பாதி பிடித்திருப்பது எஞ்சின், மீதிதான் பிரேக். பதினைந்து பிள்ளைகளோடு இறங்கும்போது செக்கண்ட் கழன்றால், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில், பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் போனதை மறந்திருக்க மாட்டோம். அதற்குக் கியர் பொக்ஸ்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலையில் இறக்கம் எவ்வளவு இரக்கமில்லாதது என்று அந்த நாள் காட்டியது. சிறிய கியரில் இறங்கு என்று டிரைவருக்குச் சொல்கிறோம். அந்தக் கியர் போட்ட இடத்தில் நிற்க வேண்டாமா?

கராஜுக்குப் போகுமுன் நாமே கவனிக்கக்கூடியவை சில:

1. ஒரு கியருக்கு மட்டும் கரகரப்பு என்றால், அந்தக் கியரின் சிங்க்ரோவைச் சந்தேகிக்கலாம். ரிவர்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் என்றால் முதலில் கிளச்சைப் பாருங்கள். கிளச் சரியாக விடாததற்குக் கியர் பொக்ஸை இறக்கிக் காசை வீணாக்காதீர்கள்.

2. நியூட்ரலில் வரும் இரைச்சல், கிளச் மிதித்ததும் நின்றால், பொக்ஸின் உள்ளே, பெரும்பாலும் முன் ஷாஃப்டில், பெயாரிங் போயிருக்கலாம்.

3. ஓடும்போது வரும் இரைச்சல் நாலாம் கியரில் மட்டும் அடங்கினால், கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். இந்த வகை வேன்கள் பலவற்றில் நாலாம் கியர் நேராகவே போகிறது, அந்த ஷாஃப்டில் பாரம் ஏறாது.

4. ஓயிலை இறக்கும்போது மெல்லிய பொன்னிறத் தூள் இருந்தால் அது வழமையான தேய்மானம். இரும்புத் துண்டு வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

இனி வைத்தியம். கெட்டி ஓயில் ஊற்றினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், நோய் அடங்காது. "ஜப்பான் ரீகண்டிஷன்" என்று வாங்குகிற பொக்ஸ் பலதும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதுதான். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. கூடு வெடித்திருந்தால், கியர் உடைந்திருந்தால் வேறு வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். ரிங்கும் பெயாரிங்கும் மட்டும் தேய்ந்திருந்தால் நம்முடைய பொக்ஸையே திறந்து செய்வதுதான் புத்தி.

திறந்தால் முழுசாகச் செய்ய வேண்டும். எல்லாப் பாகமும் கழுவி, ஒவ்வொரு ரிங்குக்கும் கியருக்கும் இடையில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, கம்பெனிப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பல் உருண்டிருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, ஸ்லீவும் கியரும் பார்க்க வேண்டும். பெயாரிங், ஓயில் சீல், ஸ்னாப் ரிங் புதிது போடுங்கள். பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளச் பிளேட்டையும் ரிலீஸ் பெயாரிங்கையும் பார்த்துவிடுங்கள். ஓயில் புத்தகத்தில் சொன்னதுதான். ஜீஎல்-4 கேட்கிற பொக்ஸுக்கு ஜீஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கலந்திருக்கிற கந்தக மருந்து சில வகைகளில் பித்தளையை அரிக்கும்.

இதையெல்லாம் ஒரு இரவில் செய்ய முடியாது. "நாளைக்குக் காலையில ஸ்கூல் ஓட்டம் இருக்கு பாஸ்" என்று நின்றால், அவர் ஒட்டுப்போட்டுத்தான் தருவார். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை இருக்கிறது, எங்கள் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருக்கிறது. அதில் செய்யுங்கள். மாற்றிய சாமானின் பட்டியலை எழுதி வாங்குங்கள், பழைய சாமானைக் கையில் கேளுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபப்பட மாட்டார். கூலியில் பேரம் பேசாதீர்கள், அது கைப்பக்குவத்துக்கான விலை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேன் கூலியை இறுக்கிப் பிடித்துவிட்டு, வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விடுமுறை மாதத்தில் பாதிக் கூலியாவது கொடுப்போம், அது பராமரிப்புக்கு என்று பேசிக் கொடுப்போம். கொடுத்தபின் "கியர் பொக்ஸ் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்க நமக்கு உரிமை வரும்.

டிரைவர்மாருக்கு மூன்றே விசயம்: லீவரில் கையை ஊன்றி வைக்காதீர்கள், உள்ளே ஃபோர்க் தேயும். கிளச்சை முழுசாக மிதியுங்கள். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடவே விடாதீர்கள்.

ஆசிரியர்களாக ஒன்றையும் சொல்லி முடிக்கிறோம். சாதாரண தரம் முடித்துக் கொழும்புக் கடைகளுக்குப் போகிற எங்கள் பையன்களில், பொறுமையும் கணக்கும் உள்ளவர்களுக்கு இது மரியாதையான தொழில். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மொறட்டுவையில் 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கராஜில் வருசக்கணக்காக வேலை செய்து கையில் சான்றிதழ் இல்லாதவர்களும், அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. விசாரியுங்கள், பையன்களுக்கும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வேனில் ஏறும் நேரம் அவர்கள் டிரைவரின் கையில் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தில் டிரைவருக்கும் பங்கு, பாஸுக்கும் பங்கு, கூலி கொடுக்கிற எங்களுக்கும் பங்கு. அடுத்த விடுமுறைக்கு முன் பேசி முடிவெடுப்போம்.