நாலு சில்லும் நாமும்: மெய்லே, எங்கள் ஊர் உதிரிப்பாகம்

ட்யூஃப் சோதனைக்குப் போன பழைய கார் ஒட்டுத்தாள் இல்லாமல் திரும்பிவருவது எம்மவர் வீடுகளில் புதுக்கதை அல்ல. அறிக்கையில் 'ட்ராக்கெலெங்க் அவுஸ்கெஷ்லாகன்' என்று இருக்கும். சில்லைத் தாங்கும் குண்டு மூட்டு தேய்ந்து ஆடுகிறது என்பது பொருள். ஒரு மாதத்துக்குள் திருத்திக் காட்டவேண்டும். கொம்பனிக் கராஜில் விலை கேட்டால் தலை சுற்றும். அப்போது யாரோ ஒருவர் சொல்லும் பெயர்களில் ஒன்று மெய்லே.

இது நாம் வாழும் ஹம்பேர்க்கின் சரக்கு. 1958இல் வுல்ஃப் கேர்ட்னர் என்ற பெயரில் இங்கே தொடங்கிய உதிரிப்பாக நிறுவனத்தின் முத்திரை. பின்னாளில் முத்திரை நிறுவனத்தையே விழுங்கிவிட்டது. இப்போது நிறுவனத்தின் பெயரே மெய்லே ஏஜி. ரால்ஸ்டெட் பக்கம், மெர்க்கூர்றிங் வீதியில் இருக்கிறது. எல்லாவற்றையும் இங்கேயே வார்த்து எடுப்பதில்லை. சொந்தத் தொழிற்சாலைகளோடு மற்றவர்களிடமும் செய்விக்கிறார்கள்.

பெயர் எடுத்துக் கொடுத்தது 'எச்டி' என்று எழுதிய பாகங்கள்தான். 1994இல் வந்த அவுடி ஏ4, 1996இல் வந்த பசாட் இரண்டுக்கும் முன்பக்கம் பக்கத்துக்கு நாலாக எட்டுக் கைகள். ஓட்டம் சொகுசு, ஆனால் தேயும் மூட்டுகளும் அத்தனை. கார் செய்பவன் எடை, செலவு எல்லாம் பார்த்து, வண்டி வீதிக்கு வருமுன்பே பாகத்தைத் தீர்மானிக்கிறான். பிறகு வருபவனுக்கோ எது எங்கே உடைகிறது என்று தெரியும். அந்த இடத்தில் குண்டைப் பெரிதாக்கி, நாலு வருட உத்தரவாதமும் கொடுத்தார்கள். 'ஒரிஜினல்தான் திறம்' என்று கண்ணை மூடிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பெட்டியை வாங்கச் சொல்லவும் மாட்டேன். பிறேக்கிலும் ஸ்ரியறிங்கிலும் மிச்சம் பிடிக்கிற காசு காசே அல்ல, பின் ஆசனத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கார் கொம்பனிக்குப் பாகம் செய்து கொடுப்பவர், அதையே தன் முத்திரையோடு வெளியிலும் விற்பதைக் கார் கொம்பனி தடுக்கக்கூடாது என்று 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி சொன்னது. 2010இல் வந்த விதியிலும் அது தொடர்ந்தது. ஆகவே லெம்ஃபோர்டர் போன்ற பெட்டிக்குள் இருப்பது, கார் கொம்பனிப் பெட்டிக்குள் இருக்கும் அதே பாகமாகவும் இருக்கலாம். விலை மட்டும் வேறு. (நம் சென்னைப் பக்கத்துச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990களிலேயே ஜெனரல் மோட்டர்ஸுக்கு ரேடியேற்றர் மூடி செய்து அனுப்பியது. பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது.)

வாங்கப் போகும்போது வாகனப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். 2.1, 2.2 என்ற கட்டங்களில் உள்ள இலக்கங்களைக் காட்டினால் கடைக்காரர் சரியான பாகத்தைத் தேடித் தருவார். ஒரே பசாட்டில் இரண்டு விதக் கை வந்திருக்கலாம். தெரிந்த தம்பியைக் கொண்டு வீட்டு முற்றத்தில் மாற்றுபவர்களுக்கு ஒரு சொல்: சில்லு தொங்கும்போது றப்பர் உள்ள ஆணிகளை இறுக்கவேண்டாம். வண்டி தன் பாரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்தே இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் றப்பர் முறுகி, புதுக் கையும் சீக்கிரம் கிழியும். பிறகு சில்லுகளின் கோணத்தையும் அளப்பியுங்கள்.