மூடியும் மூடாத கணினி

ஹியூரொன்ராரியோ வீதி அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் மாமி போன் எடுத்தார். "தம்பி, லப்டொப் கிரைண்டர் மாதிரி இரையுது. ஒண்டை அமத்தினா யோசிச்சு யோசிச்சுத்தான் வருது." பக்கத்துப் பிளாசாக் கடைக்காரர் திரையைப் பார்த்தவுடனேயே, "ராம் காணாது, கூட்டிப் போடவேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ராம் போடுவது ஒரு காலத்தில் மலிவான வைத்தியம். இப்போது அப்படியில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போக, 2025 பிற்பகுதியில் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், வீட்டுப் பாவனைக்கான குரூசியல் ராம் விற்பனையையே கைவிடப் போவதாக அறிவித்தது. காசைக் கொடுக்க முன், உள்ள ராமை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் புத்தி.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். (1996இல் விண்டோஸ் என்டி 4.0உடன் வந்த இதை எழுதிய டேவ் பிளம்மர் சஸ்கச்சுவான்காரர். நம்ம கனடாக்காரன் செய்தது என்றேன், மாமி மசியவில்லை.) மாமியின் லப்டொப்பில் இருந்த 8 ஜிபி ராமில் 92 வீதம் நிறைந்திருந்தது. எல்லாரும் முதலில் பழி போடுவது பிரௌசர் மேல். மாமியின் பிரௌசரும் சும்மா இல்லை: சீரியல், ஊர்ச் செய்தி, மரண அறிவித்தல் பக்கம் மட்டும் மூன்று தரம். ஆனால் பட்டியலில் உள்ளதையெல்லாம் கூட்டினாலும் 3 ஜிபிதான் வந்தது. மிச்சம் எங்கே?

பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால், கீழே நொன்-பேஜ்ட் பூல் என்று ஓர் எண் இருக்கும். விண்டோஸின் கருவும் டிரைவர்களும் டிஸ்க்குக்குத் தள்ளாமல் ராமிலேயே வைத்திருக்கும் பகுதி அது. வழக்கமாகச் சில நூறு மெகாபைட். இங்கே 3 ஜிபிக்கு மேல். ஏதோ ஒரு டிரைவர் இடத்தைக் கேட்டு வாங்குகிறது, திருப்பித் தருவதில்லை. இந்தக் கணக்கு எந்தச் செயலியின் பெயரிலும் ஏறாது. பிரௌசரை முழுக்க மூடினாலும் குறையாது.

"நான் ஒவ்வொரு ராவும் ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே படுக்கிறன்?" என்றார் மாமி. நியாயமான கேள்வி. சிபியு பக்கத்தில் அப்டைம் என்ற வரியைக் காட்டினேன்: 19 நாள். 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பின் வேலை இது. ஷட் டவுன் கொடுத்தால் நம்முடைய செயலிகள் மூடும். கருவும் டிரைவர்களும் இருந்தபடியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப ஏறும். ஒழுகியதும் கூடவே ஏறும். எல்லாம் கழுவித் தொடங்குவது ரீஸ்டார்ட் கொடுத்தால்தான். கொடுத்தோம், 41 வீதத்துக்கு இறங்கியது.

அது முதலுதவி மட்டும். சில நாளில் நொன்-பேஜ்ட் பூல் எண் மறுபடி ஊதத் தொடங்கியது. பூல்மொன் என்ற இலவசக் கருவி, பூலில் எந்தக் குறியீட்டின் பெயரில் எவ்வளவு கிடக்கிறது என்று காட்டும். குறியீடு வைஃபை டிரைவரைக் காட்டிக்கொடுத்தது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திவிட்டேன். காலையில் சில விநாடி கூடத் தாமதிக்கும், அவ்வளவுதான்.

மெமரிப் பக்கத்தில் கேஷ்ட் என்று இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சும்மா கிடக்கும் ராமில் விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைப்பது அது, கேட்டவுடன் விட்டுக்கொடுக்கும். அதைத் துடைத்து வேகம் தருவதாகச் சொல்லும் 'ராம் கிளீனர்'கள் வெறும் ஏமாற்று. துடைத்ததைக் கணினி திரும்ப டிஸ்க்கிலிருந்து வாசிக்கவேண்டும்.

4 ஜிபி உள்ள கணினியில் விண்டோஸ் 11 ஓடினால் கடைக்காரர் சொன்னது சரி; அங்கே ராம் உண்மையாகவே காணாதுதான். ஆனால் மெலிந்த லப்டொப்கள் பலவற்றில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். மாமியுடையதும் அந்த வகை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால், கூட்டிப் போட அதில் இடமே இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.