ஏழு நாள் முகாம் போதாது

ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, சென்னை உறங்கிய பிறகு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி ஈர மணலில் ஒரு சிறு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். முட்டையிடக் கரையேறிய பங்குனி ஆமையின் தடத்தைத் தேடுகிறார்கள். 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளிலேயே நடந்துவருகிறது. இளைஞர்களிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கும் கல்வித்துறை, தன் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கும் விடையை இன்னும் முறையாகப் படிக்கவில்லை.

அங்கே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தடம் தெரிந்த இடமெல்லாம் கூடு இருக்காது. முட்டையிடாமலே ஆமை திரும்பியிருக்கலாம். சந்தேகமான இடத்தில் குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்க்கிறார்கள். இறுகிய மணலில் இறங்க மறுக்கும் குச்சி, கூட்டின் வாய்க்கு மேல் சட்டென்று இறங்கும். பிறகு கைதான். முழங்கை மறையத் தோண்டினால் பெரும்பாலும் நூறையொட்டி முட்டைகள் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை எடுத்து, அதே ஆழத்தில், அதே அகலத்தில் பொரிப்பகத்தில் குழி பறித்து வைத்தாக வேண்டும். தாமதித்து எடுத்து உருட்டிவிட்டால், ஓட்டோடு ஒட்டத் தொடங்கிய கரு செத்துப்போகும். அப்படியே விட்டுவிடலாம் என்றால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளோ தெருவிளக்கைப் பார்த்துக் கடலுக்கு முதுகு காட்டி ஊருக்குள் போய்விடும்.

இந்தக் கூடு எங்கே இருக்கிறது, டார்ச் அடிப்பவரை எப்படித் தடுப்பது, கரையில் வலை உலர்த்தும் மீனவரிடம் எப்படிப் பேசுவது, கால் வலிக்கிறது என்கிற பெரியவரை என்ன செய்வது ஆகிய எல்லாவற்றையும் அன்றிரவு முன்னால் நடப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வார இறுதிகளில் பொதுமக்களும் உடன் வருவதால், தந்தை வயதுக்காரர்களை ஓர் இளைஞர் அழைத்துப்போக நேர்கிறது. தவறான முடிவின் விளைவு முட்டைகளில் தெரியும். குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள் நடக்கும் ஆளுமைப் பயிற்சியில் இப்படி ஒரு விளைவைச் சந்திக்க வழியே இல்லை. அங்கே பேசக் கற்றுத்தருகிறார்கள். முடிவெடுத்து அதற்குப் பதில் சொல்லக் கற்றுத்தர, மாணவரை நம்பி ஏதாவது ஒன்றை ஒப்படைத்திருக்க வேண்டும்.

நம்மிடம் அதற்கான ஏற்பாடு இல்லாமல் இல்லை. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் கேட்கிறது. நல்ல திட்டம். ஆனால் பல கல்லூரிகளில் அது எப்படிச் சுருங்கிவிட்டது என்பது ஊரறிந்த விஷயம்: கோயில் வளாகம் கூட்டுவது, பேரணி போவது, மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது. அந்தக் கன்றுக்கு அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றியது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஏழு நாளில் முடிந்துவிடும் வேலையில் பொறுப்பு என்று ஒன்று பிறக்க நேரமே கிடையாது.

எனவே நாம் வலியுறுத்துவது இதுதான்: ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்திலுள்ள ஒரு கண்மாயையோ ஏரியையோ கடற்கரையையோ குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒப்படையுங்கள். இந்தியாவிலேயே ராம்சார் ஈரநிலங்கள் மிகுந்த மாநிலம் தமிழ்நாடு. பல்லாயிரம் ஏரி, கண்மாய்கள் பராமரிப்புக்குக் காத்துக்கிடக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஒரு கண்மாயைக் கையில் எடுத்துக்கொள்ளும் மாணவர் குழு என்னென்ன கற்கும் என்று எண்ணிப் பாருங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். மடை எப்போது திறக்கும், கலிங்கில் எவ்வளவு தண்ணீர் வழியும் என்பதைத் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர் நீர்க்கட்டியிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். சீமைக் கருவேலத்தை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும் என்பது முதல் பாடம். அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ராமநாதபுரத்துச் சீமையில் ஏராளம் என்பது இரண்டாவது பாடம். வெட்டுவது சரி, அவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள்? மீன்பாசி ஏலம் எடுத்தவரும், கரையோரம் நிலத்தை வளைத்துப்போட்டவரும், கடைமடை விவசாயியும் ஒரே தண்ணீரைப் பற்றி மூன்று விதமாகப் பேசுவார்கள். அந்த மூவரையும் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துப் பேசத் தெரிந்த மாணவி, பிற்காலத்தில் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அந்த நாற்காலிக்குப் பெருமைதான்.

இதிலிருந்து குடிமைக் குரலும் எழும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, கரையை நடந்து பார்த்தவர்களின் கணக்குகள் அந்தச் செய்தி ஊரெங்கும் பேசப்படத் துணை நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆமைகள் சிக்கிச் சாகும் இழுவை மடியைக் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் போடக்கூடாது என்ற விதி காற்றில் பறப்பதை மாநிலமே விவாதித்தது. முட்டை எடுக்கப் பழகியவர்கள்தான் சட்டத்தைக் கேள்வி கேட்கவும் துணிகிறார்கள்.

மாணவரைக் கூலியில்லாத ஆளாக்கி, அரசு தன் கடமையிலிருந்து நழுவப் பார்க்கும் என்ற எதிர்ப்பு வரும். அந்த அச்சத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை அதிபர் ரூஸ்வெல்ட் நடத்திய இளைஞர் இயற்கைப் பாதுகாப்புப் படையில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலை செய்தார்கள். மாதம் 30 டாலர் ஊதியத்தில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போனது. பெண்களைச் சேர்க்காததும் கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் பிரித்துவைத்ததும் அந்தத் திட்டத்தின் மீது நிற்கும் கறைகள். ஆனால் உழைப்புக்குக் கூலி என்ற அதன் அடிப்படை சரியானது. இங்கே மாலையில் உணவகத்திலோ ஜவுளிக்கடையிலோ வேலை பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பிள்ளை இலவசமாக ஏரிக்கு வர முடியாது. ஊக்கத்தொகை இல்லையென்றால் தலைமைப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும். தூர்வாருவதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் நீர்வளத் துறையின், வருவாய்த் துறையின் வேலையாகவே இருக்கட்டும். மாணவர்கள் கண்காணிக்கட்டும், கணக்கெடுக்கட்டும், கேள்வி கேட்கட்டும். அவர்கள் எழுதிக்கொடுக்கும் அறிக்கைக்கு அதிகாரிகள் எழுத்தில் பதில் தரட்டும்.

2022-இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் கணினித் திறனுக்கும் மொழித் திறனுக்கும் இடம் தந்திருக்கிறது. இந்தப் பணியையும் மதிப்பெண்ணோடும் ஊக்கத்தொகையோடும் அதில் சேர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. பேராசிரியர்கள் வழிகாட்டலாம், ஆனால் குழுத் தலைமை சுழற்சி முறையில் மாணவர்களிடமே இருக்க வேண்டும். விபத்துக் காப்பீடு, பயணப்படி, நீச்சல் தெரிந்த துணையாள் இல்லாமல் நீர்நிலைக்கு யாரையும் அனுப்பக்கூடாது. மாணவியர் விடுதிகள் மாலையிலேயே கதவைப் பூட்டிவிடுவதால் விடியற்காலைப் பறவைக் கணக்கெடுப்பும் இரவு நடையும் அவர்களுக்கு இல்லாமல் போகின்றன. பாதுகாப்பான வாகனமும் உடன்வரும் ஆசிரியையும் ஏற்பாடு செய்து அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஜூனில் கல்லூரிகள் திறக்குமுன் இதற்கான ஆணையை உயர்கல்வித் துறை பிறப்பித்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வரத்துக்கால்களில் முதல் குழுக்கள் நடக்கத் தொடங்கிவிடலாம்.