படம் எங்கே போனது?

மாணவர்களே, பைத்தான் மொழியில் டிகின்டரைக் கொண்டு சிறு செயலி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? சாளரம் திறக்கும், பொத்தான் வரும். நீங்கள் வைத்த படம் மட்டும் வராது. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். பிழைச் செய்தியும் இருக்காது. கோப்பின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பீர்கள். கோப்பில் குறையே இல்லை.

நடப்பது இதுதான். ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தைத் திறந்து, மாறியில் வைத்து, லேபிளிடம் கொடுக்கிறீர்கள். லேபிள் படத்தையே வாங்கி வைத்துக்கொண்டது என்று நினைக்கிறோம். அது குறித்துக்கொள்வதோ 'பைஇமேஜ்1' என்பது போன்ற ஒரு பெயரை மட்டுமே. டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே, 1988இல் ஜான் அவுஸ்டர்ஹவுட் தொடங்கிய டிசிஎல் மொழிக்காக எழுதப்பட்டது. பைத்தானின் கணக்கு அதற்குத் தெரியாது. பைத்தானோ, ஒரு பொருளை எத்தனை இடங்களில் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் மாறி மறைகிறது, எண்ணிக்கை 0 ஆகிறது, படம் உடனே அழிக்கப்படுகிறது. நூலகப் பட்டியலில் பெயர் இருக்கிறது. அலமாரியில் நூல் இல்லை.

இதற்கு ஒரு வரி மருந்து உண்டு. படத்தை லேபிளின் ஒரு பண்பாகச் சேர்த்து வைத்தால் போதும். நானும் அந்த வரியை வெண்பலகையில் எழுதி, "இதைச் சேருங்கள், வந்துவிடும்" என்று நகர்ந்தவன்தான். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். காரணம் தெரியாமல் சேர்த்த வரியை, "இது எதற்கு?" என்று அடுத்த மாதம் நீங்களே நீக்கிவிடுவீர்கள்.

சி++ பக்கம் போகிறவர்களுக்கு விலை இன்னும் கூடும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸில் ஒரு பட்டியலின் உருப்படியோடு தரவை இணைக்க இரண்டு வழிகள் உண்டு: செட்கிளையண்ட்டேட்டா, செட்கிளையண்ட்ஆப்ஜெக்ட். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! முதலாவதில் நினைவகத்தை விடுவிப்பது உங்கள் வேலை. இரண்டாவதில் பட்டியலே அழித்துவிடும். மாற்றிப் புரிந்துகொண்டால் நினைவகம் கசியும்; அல்லது ஒரே பொருள் இரண்டு முறை அழிக்கப்பட்டுச் செயலி நின்றுவிடும்.

ஆகவே, பொத்தானோடோ லேபிளோடோ எதையாவது இணைக்கும்போது, 'இதன் உரிமையாளர் யார்' என்று அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதுங்கள். செயலி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஆசிரியர்களாகிய நாங்களும் அந்தக் குறிப்புக்குப் புள்ளி தர வேண்டும்.

இன்று வீட்டில் அந்த மருந்து வரியை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே படத்தை, சாளரம் உருவானபின், ஃபங்ஷனுக்கு வெளியே திறந்து பாருங்கள். இம்முறை படம் ஏன் மறையவில்லை என்று உங்கள் ஆசிரியரிடம் விளக்குங்கள்.